பெட்டகச் சாவியும் இருபத்து நான்கு சொற்களும்

காரைக்குடியில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். சென்ற ஆண்டு பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி வைத்திருந்த பிட்காயின் என்னும் இணைய நாணயத்தைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று கேட்பதற்காகத்தான் அழைத்தார்கள். வீட்டின் உள்முற்றமான வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், அந்த வீட்டு ஆச்சி இரட்டை அறைக்குள் போய்ப் பெட்டகத்தைத் திறந்து ஓர் எவர்சில்வர் சம்படத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். உள்ளே பட்டுத் துணியில் சுற்றியபடி, பென் டிரைவ் அளவில் ஒரு கருவி இருந்தது. "தம்பி, இதைத்தான் பத்திரமா வச்சிருக்கச் சொன்னான். இதோட ஒரு கவரும் இருந்துச்சு, வெறும் இங்கிலீஷ் வார்த்தையா எழுதியிருந்துச்சு. சின்னவ கல்யாணத்துக்கு வீடு ஒதுக்குனப்போ பழைய பேப்பரோட போயிருச்சு" என்றார்.

தொலைந்தாலும் வேறு வாங்கிக்கொள்ளக்கூடிய பொருள் பட்டுத் துணியில் இருந்தது. தொலையவே கூடாத பொருள் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. இதில் ஆச்சி மீது எந்தக் குற்றமும் இல்லை. இரண்டில் எது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல வேளையாக அந்த மாதம் மகன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார், கருவியைத் திறக்கும் ரகசிய எண்ணான 'பின்' எண்ணும் அவருக்கு நினைவில் இருந்தது. அந்தப் பணத்தை எப்படி மீட்டோம் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதற்கு முன், ஹார்டுவேர் வாலட் எனப்படும் இந்தக் கருவியை வாங்குவது முதல் வாரிசிடம் ஒப்படைப்பது வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கருவிக்குள் காசு இல்லை

பிட்காயின் வலைப்பின்னல் 2009 ஜனவரி 3 அன்று தொடங்கியது. அன்று முதல் நடந்த ஒவ்வொரு வரவும் செலவும் ஒரே பேரேட்டில் பதிவாகி, அந்தப் பேரேட்டின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. எந்த முகவரியில் (இது கணக்கு எண் போன்றது) எவ்வளவு இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஒரு முகவரியிலிருந்து செலவு எழுத வேண்டுமானால், அந்த முகவரிக்கு உரிய தனிச் சாவியால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஹார்டுவேர் வாலட் என்பது அந்தத் தனிச் சாவியைத் தனக்குள் உருவாக்கி, வெளியே விடாமல் வைத்திருந்து, கேட்கும்போது உள்ளேயே கையெழுத்திட்டுத் தரும் ஒரு சிறு கணினி.

ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்திய காலத்துக் கணக்கு முறையை அறிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். கணினியில் நாம் நிறுவும் மென்பொருள், கடையில் உதவியாளராக இருந்த அடுத்தாளைப் போன்றது. அது பேரேட்டைப் பார்த்து இருப்புச் சொல்லும், இன்னாருக்கு இவ்வளவு என்று சீட்டு எழுதும். கையெழுத்துப் போடும் உரிமை அதற்கு இல்லை. கையெழுத்து கருவிக்குள்தான் நடக்கிறது. அதனால் கணினியில் வைரஸ் புகுந்தாலும் சாவி களவு போகாது. ஆனால் வைரஸ் சீட்டையே மாற்றி எழுதிக் கையெழுத்துக்கு நீட்டலாம் என்பதால், கையெழுத்திடுவதற்கு முன் கருவியின் திரையில் வாசித்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையதாகவே இருக்கிறது.

அந்தச் சாவிகள் அனைத்துக்கும் மூலம் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். 2013 இல் வகுக்கப்பட்ட பிப் 39 என்னும் முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து கருவி இவற்றைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிறது. இந்தச் சொற்களும் அவற்றின் வரிசையும் இருந்தால், கருவி கிணற்றில் விழுந்தாலும் வேறொரு கருவியில், வேறு நிறுவனத்தின் கருவியில்கூட, பணத்தை மீட்டுவிடலாம். சொற்கள் பிறர் கைக்குப் போனால், கருவி நம் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கும்போதே பணம் போய்விடும்.

நாணயத்தை வாங்கி விற்கும் இணையச் சந்தையான எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அங்கே சாவி அவர்களிடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அவர்கள் தர வேண்டிய பாக்கி மட்டுமே. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போனதும், வாடிக்கையாளர்கள் ஓர் ஆண்டுக்கு மேல் தங்கள் நாணய இருப்பைத் தொட முடியாமல் இருந்தார்கள். கிரிப்டோ நாணயம் சட்டப்படி ஒரு சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது பெரிய ஆறுதல். ஆயினும் நீதிமன்றம் வரை போக வேண்டிய நிலையை முன்கூட்டியே தவிர்ப்பது அதைவிட நல்லது. அதே சமயம், இருப்பு மொத்தமும் கருவியின் விலையைவிடச் சற்றே கூடுதலாக உள்ளவர்களும், நாள்தோறும் வாங்கி விற்பவர்களும் இதில் இறங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. தன் கைப்பொறுப்பில் வைப்பவருக்குக் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வாடிக்கையாளர் சேவை எதுவும் கிடையாது.

வாங்குதல்

டிரெசர், லெட்ஜர் ஆகிய இரண்டும் 2014 முதல் புழக்கத்தில் உள்ள பெயர்கள். வேறு நல்ல கருவிகளும் உண்டு. எதுவாக இருந்தாலும், தயாரிப்பாளரின் இணையதளத்திலோ அந்தத் தளத்தில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள விற்பனையாளரிடமோ மட்டும் வாங்க வேண்டும். பயன்படுத்திய கருவியை, நண்பரே கொடுத்தாலும், பெரிய தொகைக்கு நம்ப வேண்டாம். பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வந்திருந்தால் அது மோசடி. இதற்கு விதிவிலக்கே இல்லை. சொற்களை உங்கள் கண் முன்னே, கருவியின் திரையில், கருவிதான் உருவாக்கிக் காட்ட வேண்டும்.

வீட்டு முகவரி பற்றி ஒரு சொல். 2020 இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை வெளியாகின. மறு ஆண்டே அந்த முகவரிகளில் சிலவற்றுக்கு, உங்கள் கருவியை மாற்றித் தருகிறோம் என்ற கடிதத்துடன் போலிக் கருவிகள் அஞ்சலில் வந்தன. நம் ஊரில் ஒரு வீட்டை, குடும்பப் பெயரெழுத்துகளான விலாசத்தைச் சொன்னாலே அடையாளம் காட்டிவிடுவார்கள். ஆகவே கருவியை அலுவலக முகவரிக்கு வரவழைப்பதும், அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வதும் நல்லது. கேட்காமல் வீட்டுக்கு வரும் எந்தக் கருவியையும் கணினியில் செருகாதீர்கள்.

கணினியும் மென்பொருளும்

பிள்ளைகள் விளையாட்டு மென்பொருள்களை இறக்கி வைத்திருக்கும் கணினியும், கடைகளில் பலர் பயன்படுத்தும் கணினியும் இந்த வேலைக்கு உகந்தவை அல்ல. உரிமம் பெற்ற இயங்குதளமும் முறையான புதுப்பிப்புகளும் உள்ள ஒரு மடிக்கணினி போதும்.

மென்பொருளைத் தேடுபொறியில் தேடி, முதலில் வரும் இணைப்பைச் சொடுக்குவதுதான் மிகுதியானவர்கள் செய்யும் தவறு. அந்த முதல் இணைப்பு பல நேரங்களில் விளம்பரம். விளம்பரத்தைப் போலித் தளக்காரனும் வாங்கலாம். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே லெட்ஜரின் பெயரைத் தாங்கிய போலிச் செயலி ஒன்று இருந்து, பலருடைய பிட்காயினைப் பறித்தது. கருவியின் பெட்டியிலுள்ள சிற்றேட்டில் அச்சிட்ட முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டி, அங்கிருந்து இறக்குங்கள். பிட்காயின் மட்டும் வைத்திருப்பவர்கள் ஸ்பாரோ, எலெக்ட்ரம் ஆகிய மென்பொருள்களையும் கருவியோடு இணைத்துப் பயன்படுத்தலாம்.

இறக்கிய கோப்பு அசல்தானா என்று சரிபார்க்கும் வழியும் உண்டு. தயாரிப்பாளர் தம் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்னும் நீண்ட எண்ணெழுத்துச் சரத்தை வெளியிடுவார். விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளைக்குப் பின் கோப்பின் பெயரைக் கொடுத்தால் நம் கோப்பின் சரம் வரும். இரண்டும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இதற்குச் செலவாவது இரண்டு நிமிடம். மென்பொருளைத் திறந்ததும் புதிய பதிப்பு வந்துள்ளது, இந்த இணைப்பில் இறக்கவும் என்று செய்தி வந்தால், அந்த இணைப்பைத் தொடாமல் மீண்டும் பழைய வழியிலேயே தளத்துக்குச் சென்று பாருங்கள். 2018 டிசம்பரில் எலெக்ட்ரம் பயனர்கள் பலர் அப்படி ஒரு போலிச் செய்தியை நம்பித்தான் பணத்தை இழந்தார்கள்.

கருவியில் விளக்கு எரிகிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு முறை கேபிள்தான் காரணம். கைப்பேசியோடு வரும் மலிவான கேபிள்கள் சில மின்னூட்டம் மட்டும் செய்யும், தரவைக் கடத்தா. பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

சொற்களை எழுதிக்கொள்ளும் அரை மணி நேரம்

இந்த அரை மணி நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கதவைத் தாழிட்டுத் தனியாக உட்காருங்கள். கைப்பேசி அந்த அறையில் இருக்க வேண்டாம். ஆண்டு முழுதும் பூட்டியிருக்கும் பெரிய வீடுகள் பலவற்றில் இப்போது வளவிலும் முகப்பிலும் கேமரா பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் காட்சி எங்கோ ஒரு சர்வரில் சேமிக்கப்படுகிறது என்பதை மறந்து அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடக் கூடாது.

கருவி முதலில் பின் எண் கேட்கும். பிறந்த ஆண்டு, வீட்டு எண், கார் எண் ஆகியவை வேண்டாம். லெட்ஜர் கருவியில் பின் எண்ணைத் தொடர்ந்து 3 முறை தவறாக இட்டால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மற்றக் கருவிகளுக்கும் இதுபோல் ஒரு வரம்பு உண்டு. சொற்கள் கையில் இருக்கும்வரை இந்த அழிவால் நட்டம் எதுவும் இல்லை.

அடுத்து, கருவியின் திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். எண் இட்டு, பேரெழுத்தில், நிறுத்தி எழுதுங்கள். கூட்டெழுத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதை நானே பட்டிருக்கிறேன். என் முதல் கருவியை அமைத்தபோது, ஐந்தாம் சொல்லை அவசரமாக எழுதிவிட்டேன். பிறகு சரிபார்க்க மீண்டும் உள்ளிட்டபோது, சொற்கள் தவறு என்று கருவி மறுத்துவிட்டது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது எழுத்து 'ஏ'யா 'ஐ'யா என்று எனக்கே விளங்கவில்லை. ஓட்டப்பந்தயத்தைக் குறிக்கும் 'ரேஸ்', அரிசியைக் குறிக்கும் 'ரைஸ்' ஆகிய இரண்டுமே அந்த 2048 சொற்களில் உள்ளன. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. அன்று கருவியில் பணம் எதுவும் போடவில்லை என்பதால் நெஞ்சு படபடக்காமல் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்துச் சரிசெய்தேன். 24 சொற்களில் கடைசிச் சொல்லின் ஒரு பகுதி சரிபார்ப்புக்காகவே அமைந்திருப்பதால், ஒரு சொல் தவறினால் 256 இல் 255 தடவை கருவி அதைக் கண்டுபிடித்துவிடும்; 12 சொற்களில் அந்த விகிதம் 16 இல் 15. ஆனால் தவறு எந்தச் சொல்லில் என்பதைக் கருவியால் சொல்ல முடியாது.

ஆகவே பணம் போடுவதற்கு முன்னரே ஒத்திகை பாருங்கள். கருவியை அமைப்புப் பகுதிக்குள் சென்று முழுதும் அழித்துவிட்டு, நீங்கள் எழுதிய தாளை மட்டும் பார்த்துச் சொற்களைக் கருவியிலேயே உள்ளிட்டு மீட்டுப் பாருங்கள். மென்பொருளில் முதலில் தோன்றிய அதே பெறுமுகவரி மீண்டும் வந்தால், தாள் சரி. இந்த ஒத்திகையைச் செய்யாத கருவியில் ஒரு ரூபாயும் போட வேண்டாம் என்று என்னிடம் வருகிறவர்களைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். சொற்களைக் கணினியின் விசைப்பலகையில் தட்டச் சொல்லும் எந்தத் திரையையும் சந்தேகிக்க வேண்டும். சில பழைய கருவிகளில் அப்படி ஒரு முறை இருப்பினும், கருவியிலேயே உள்ளிடும் வசதி உள்ளதையே நான் வாங்கச் சொல்வேன்.

சொற்களை எங்கே வைப்பது

நம் வீடுகளில் தேக்கு நூற்றாண்டு தாங்கும், தாள் தாங்காது. மூடிக் கிடக்கும் அறையில் மழைக்காலத்து ஈரமும் இராமபாணப் பூச்சியும் கறையானும் சேர்ந்து பழைய முறிகளையும் பத்திரங்களையும் என்ன செய்திருக்கின்றன என்று பெட்டகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே முதல் பிரதி தாளில் இருந்தாலும், நிலையான பிரதி உலோகத்தில் இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸில்தான் உருகும். வீட்டில் தீப்பிடித்தாலும் அந்தச் சூடு பொதுவாக வராது.

சீர்ப் பாத்திரங்களில் விலாசம் வெட்டிப் பழகிய ஊர் இது. அதனாலேயே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது: பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவரிடம் தகட்டைக் கொடுத்து இந்தச் சொற்களை வெட்டச் சொல்லாதீர்கள். எழுத்து அச்சுகளின் தொகுதி ஒன்றும் சுத்தியலும் இரும்புக் கடையில் கிடைக்கும். கைப்பிடி அளவுள்ள எஃகுத் தகட்டில் நீங்களே தட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துகள் போதும். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இராது. மூன்றெழுத்துச் சொல்லாக இருந்தால் நான்காம் இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், எழுத்து விட்டுப்போனதோ என்ற ஐயம் பிற்காலத்தில் வராது. தகட்டை உறுதியான பட்டறைக் கல்லின் மேல் வைத்துத் தட்டுங்கள். ஆத்தங்குடித் தரையில் வைத்துத் தட்டி ஒருவர் இரண்டு கற்களை விரிசல் விடச் செய்ததைப் பார்த்தேன்.

பிரதிகள் இரண்டு இருக்கட்டும், இரண்டும் வெவ்வேறு ஊரில் இருப்பது மேல். ஒன்று வங்கி லாக்கரில், மற்றொன்று நீங்கள் வசிக்கும் வீட்டில் என்று வைக்கலாம். ஊரில் உள்ள பெரிய வீட்டில் வைப்பதாக இருந்தால், உங்கள் புள்ளிக்கு, அதாவது உங்கள் குடும்பத்துக்கு, உரிய அறையின் சாவி உண்மையில் யார் யாரிடம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான இடமும், வேலையாட்கள் ஒதுக்கித் துடைக்கும் இடமும் கூடாது. உறைக்குள் வைத்தால், உறையின் மேல் என்னவென்று தமிழில் தெளிவாக எழுதுங்கள்: 'இது பத்திரம், எறியக் கூடாது.' பள்ளத்தூர் உறையில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அது பழைய பேப்பரோடு போயிருக்காது.

சொற்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாதி தொலைந்தால் முழுதும் தொலைந்ததாகவே பொருள். ஆக, தொலையும் வாய்ப்பை அது இரட்டிப்பாக்குகிறது. பிரித்து வைக்க விரும்பினால், மூன்றில் இரண்டு சாவி சேர்ந்தால்தான் செலவாகும் என்னும் கூட்டுக் கையெழுத்து முறையை ஸ்பாரோ போன்ற மென்பொருளில் அமைக்கலாம். பெரிய தொகைக்கும் ஒற்றுமையான உடன்பிறப்புகளுக்கும் அது உகந்தது. தொடக்க நிலையில் உள்ளவருக்கு அதன் சிக்கலே ஆபத்து.

சொற்களைப் படம் எடுப்பது, மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, வாட்ஸ்அப்பில் போட்டு வைப்பது ஆகிய மூன்றும் அறவே கூடாது. கைப்பேசியின் படங்கள் நாம் அறியாமலே இணையச் சேமிப்புக்குப் போய்விடுகின்றன.

பாஸ்ஃபிரேஸ் என்று இருபத்தைந்தாம் சொல்லாக நாமே ஒன்றைச் சேர்க்கும் வசதியும் உண்டு. தகட்டைத் திருடியவனுக்கு அது இல்லாமல் பணம் கிடைக்காது. ஆனால் நீங்கள் மறந்தாலும், ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதியதா சிறிதாக எழுதியதா என்று குழம்பினாலும், உங்களுக்கும் கிடைக்காது. நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

பெறுதலும் அனுப்புதலும்

எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே எடுக்க முடியுமா, எந்த நெட்வொர்க்கில் எடுக்கலாம் என்பதைக் கணக்கு தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மென்பொருளில் பெறுதல் என்ற பொத்தானை அழுத்தினால் முகவரி கணினித் திரையிலும் கருவியின் திரையிலும் வரும். கருவியின் திரையில் உள்ளதே உண்மை. இரண்டும் ஒத்திருந்தால் மட்டும் நகலெடுத்து, எக்ஸ்சேஞ்சில் ஒட்டிய பிறகும் மறுபடி ஒப்பிடுங்கள். ஒட்டும் நொடியில் முகவரியை மாற்றிவிடும் தீநிரல்கள் இருக்கின்றன. பிட்காயினுக்கு ஒவ்வொரு முறையும் புது முகவரி வருவதைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள்; அது தனியுரிமைக்காகச் செய்யப்படுவது, பழைய முகவரிகளும் உங்களுடையவையாகவே தொடர்ந்து செல்லும்.

முதல் முறை சிறு தொகை அனுப்புங்கள். பிட்காயின் பேரேட்டில் பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதி சேரச் சராசரியாக 10 நிமிடம் ஆகும். உங்கள் பரிவர்த்தனை உள்ள தொகுதியோடு சேர்த்து ஆறு தொகுதிகள், அதாவது ஆறு உறுதிப்பாடுகள், வரக் காத்திருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மீதியை அனுப்பலாம். இரண்டு முறை கட்டணம் போகிறதே என்று வருந்த வேண்டாம்.

டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் டெதர் என்னும் நாணயத்தை வைத்திருப்பவர்கள் நெட்வொர்க் விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே நாணயம் எத்தீரியம், டிரான் எனப் பல வலைப்பின்னல்களில் ஓடுகிறது. கட்டணம் குறைவு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஏற்காத முகவரிக்கு அனுப்பினால் மீட்பது கடினம், பல நேரம் இயலாது. எத்தீரியம் வலைப்பின்னலில் டெதரை நகர்த்தக் கட்டணமாக, அந்த வலைப்பின்னலின் சொந்த நாணயமான ஈத்தரும் சிறிது வாலட்டில் இருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் உங்கள் முகவரியைப் போலவே அமைந்த ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து மதிப்பற்ற ஒரு பரிவர்த்தனையை உங்கள் பட்டியலில் விழச் செய்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் அதையே நகலெடுப்பீர்கள் என்பது அவர்கள் கணக்கு. முகவரியின் நடுப்பகுதியையும் வாசிப்பதே இதற்குத் தடுப்பு.

கருவியின் திரையில் விளங்காத எண்கள் மட்டும் காட்டப்பட்டு, ஒப்புதல் கேட்கப்பட்டால் மறுத்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனதும் இப்படித்தான்: கையெழுத்திட்டவர்கள் பார்த்த கணினித் திரை ஒன்றைக் காட்டியது, அவர்கள் ஒப்புதல் தந்ததோ வேறொன்றுக்கு.

கருவிக்குள் இயங்கும் நிரலான ஃபார்ம்வேருக்குப் புதுப்பிப்பு வந்தால் கணினி மென்பொருள் வழியாகச் செய்யலாம். செய்யும் முன் சொற்கள் இருக்கும் தகடு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யார் அழைத்துச் சொற்களைக் கேட்டாலும், எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும், இணைப்பைத் துண்டியுங்கள்.

சொற்கள் தொலைந்து, கருவி வேலை செய்தால்

இப்போது பள்ளத்தூர் வீட்டுக்குத் திரும்புகிறேன். பெரும்பாலான கருவிகள் ஒரு முறை காட்டிய சொற்களை மறுபடி காட்டுவதில்லை. ஆகவே பழைய சொற்களைத் தேடுவதில் பயனில்லை. பணத்தைப் புதிய சொற்களுக்கு நகர்த்துவதுதான் வழி. அந்த மகன் இன்னொரு கருவியை வரவழைத்தார். அது வரும்வரை பழைய கருவியை யாரும் தொடவில்லை, பின் எண்ணை எவரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. புதிய கருவியில் புதுச் சொற்களை உருவாக்கி, எழுதி, அழித்து, மீட்டு, ஒத்திகை முடிந்த பிறகு பழைய கருவியைச் செருகினோம். முதலில் சிறு தொகை. வந்து சேர்ந்ததும் மீதி முழுதும். உறுதிப்பாடுகள் ஏறும்வரை ஆச்சி எங்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், தொலைந்த அந்தத் தாள் வெறும் தாளாகிவிட்டது; இனி யார் கண்டெடுத்தாலும் அந்தச் சொற்களுக்கு உரிய முகவரிகளில் எதுவும் இல்லை. ஒரே ஒரு கருவி மட்டும் வைத்துக்கொண்டு அதை அழித்துப் புதுப்பிக்க முயல்வது இந்த நிலையில் பணத்தையே அழித்துவிடும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

கணக்கு எழுதுதல்

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோவை விற்ற ஆதாயத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் உண்டு. வாங்கிய விலையை மட்டும் கழிக்கலாம். கருவியின் விலையையும் பிற செலவுகளையும் கழிக்க முடியாது. ஒன்றில் ஏற்பட்ட நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தோடு ஈடுகட்டவும் முடியாது. ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொரு நாணயம் வாங்குவதும் விற்பனையாகவே கொள்ளப்படும். எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்தக் கருவிக்கு நகர்த்துவது விற்பனை அன்று. ஆனால் அப்படி நகர்த்தியதற்கான சான்று உங்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாங்குதலுக்கும் தேதி, அளவு, ரூபாய் மதிப்பு, எக்ஸ்சேஞ்ச் தந்த ரசீது ஆகியவற்றையும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பரிவர்த்தனை எண்ணையும் ஒரு பேரேட்டில் எழுதி வாருங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் பழைய ரசீதுகளை யாரிடமும் கேட்டுப் பெற முடியாது என்பதால், ஆண்டுதோறும் இறக்கி வைத்துவிடுங்கள்.

என்னைப் போல் கணக்கு எழுதுபவர்களிடம் நீங்கள் தர வேண்டியது மென்பொருள் தரும் பரிவர்த்தனைப் பட்டியல் மட்டுமே. தேவையானால் எக்ஸ்பப் எனப்படும் பொதுச் சாவியையும் தரலாம். அதைக் கொண்டு வரவு செலவு முழுவதையும் பார்க்க முடியும், செலவு செய்ய முடியாது. சொற்களைக் கேட்கும் கணக்கர் எவராயினும் அவரிடம் போகாதீர்கள்.

வாரிசுகளுக்கு

வங்கிக் கணக்குக்கு உள்ளதுபோல் இதற்கு நியமனதாரர் வசதி கிடையாது. ஆகவே உயிலில் இந்தச் சொத்து இருக்கிறது என்றும், அது இன்னாருக்கு என்றும் எழுதுங்கள். சொற்களை உயிலில் எழுதாதீர்கள், உயில் பலர் கைக்குப் போகும் ஆவணம். தனியாக ஒரு கடிதத்தில், கருவி எங்கே, தகடுகள் எங்கே, எந்த மென்பொருள், யாரிடம் உதவி கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது என்பதைத் தமிழில் எழுதி, மனைவி அல்லது கணவரிடமும் விவரம் அறிந்த ஒரு பிள்ளையிடமும் கொடுத்து வையுங்கள். அந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் உதவியின்றி, ஒரு சிறு தொகையை அவர்கள் மீட்டுக் காட்டட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அந்த இடத்தில் கடிதத்தைத் திருத்துங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்க்க ஒரு நாள் குறித்துக்கொள்வது நல்லது. திருக்கார்த்திகையிலிருந்து 21 ஆம் நாள் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க எப்படியும் வீட்டார் கூடுவார்கள். பள்ளத்தூர் வீட்டில் அதற்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கருவியைச் செருகிப் பின் எண் நினைவிருக்கிறதா என்று பார்ப்பது, தகட்டில் எழுத்துகள் தெளிவாக உள்ளனவா என்று பார்ப்பது, கடிதத்தில் உள்ள இடங்கள் மாறியிருந்தால் திருத்துவது, மென்பொருளின் இருப்பைப் பேரேட்டோடு ஒப்பிட்டு ஐந்தொகையில் ஏற்றுவது என்று அரை மணி நேர வேலை. தகடு இருக்கும் உறையின் மேல் ஆச்சி தம் கையாலேயே எழுதியிருக்கிறார். எழுத்து பெரிதாக, சிவப்பு மையில் இருக்கிறது.